ஒரே பெயர், வேறு வேறு வேலை

கொஞ்சம் நீளமான பதிவு. லினக்ஸ் பக்கமே போகாதவர்கள் தாண்டிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். கட்டளைகளின் பெயரையெல்லாம் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

நான் கணினி படித்தவள் இல்லை. பிளஸ் டூ முடித்து இரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ, அவ்வளவுதான். முப்பத்தைந்து வருடம் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆவும் வாய்ப்பாடும் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றேன். அண்ணன் மகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி மெதுவாகிப்போய் பரணில் கிடந்தது. என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பையன் ஒருவன்தான் அதில் டெபியன் போட்டுக் கொடுத்தான். "டீச்சர், எதையும் பயப்படாம தட்டிப் பாருங்க" என்றான். தட்ட ஆரம்பித்தேன். கற்றதையெல்லாம் ஒரு நீளக் கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டில் நடந்த கூத்துதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றின் ஆண்டு விழா. இரண்டு பேர் கேமராவில் படம் எடுத்தார்கள். மொத்தம் 340 படங்கள். ஒரு கேமராவின் படங்கள் ஐஎம்ஜி என்று தொடங்கும், இன்னொன்றின் படங்கள் டிஎஸ்சி என்று தொடங்கும், பின்னால் எண். எல்லாவற்றையும் 'விழா' என்று தொடங்கும்படி பெயர் மாற்றி ஒரு பென் டிரைவில் போட்டுத் தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். என் கணினி அப்போது பழுது பார்க்கப் போயிருந்தது. பழைய மாணவி ஒருத்தியின் மடிக்கணினியை வாங்கிக்கொண்டேன். அதிலும் லினக்ஸ்தான், ஆனால் வேறு ஒரு லினக்ஸ்.

நோட்டைத் திறந்து 'ரீநேம்' பக்கத்தில் இருந்ததை அப்படியே தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. மறுபடி தட்டினேன். மறுபடியும் மௌனம். சரி என்று அந்தக் கணினியிலேயே இருந்த கையேட்டைப் படித்தேன். பழைய எழுத்து, புதிய எழுத்து, கோப்புகள் என்று வரிசையாகக் கொடுத்தால் போதும் என்று இருந்தது. அட, என் நோட்டில் இருப்பதைவிட இது எவ்வளவு சுலபம் என்று சந்தோஷம்கூட வந்தது. முதலில் ஐஎம்ஜியை 'விழா' ஆக்கினேன். பிறகு டிஎஸ்சியை 'விழா' ஆக்கினேன். முடிந்தது. எண்ணிப் பார்த்தேன். 277.

அறுபத்து மூன்று இடத்தில் இரண்டு கேமராவிலும் ஒரே எண் வந்திருக்கிறது. இரண்டாவது படம் முதல் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெமரி கார்டைத் திருப்பிக் கொடுத்து, அவர்கள் அதை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். போனவற்றில் ஒன்று, எங்கள் பள்ளியில் 27 வருடம் சத்துணவு சமைத்த அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்திய படம். அந்த அம்மா இப்போது இல்லை. தவறு என்னுடையதுதான், நகல் எடுத்து வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஆயிரம் தடவை சொன்ன விஷயம்.

ஆனால் ஒரு கேள்வி விடவில்லை. என் நோட்டு ஏன் பொய்யானது? ஒரே பெயர், ஒரே எழுத்துகள். என் கணினியில் ஒரு வேலை, அவள் கணினியில் வேறு வேலை. எப்படி?

தேடிப் படித்ததில் தெரிந்தது இது. 'ரீநேம்' என்ற பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று பெர்ல் மொழியில் எழுதியது. டெபியன், உபுண்டு பக்கம் 'ரீநேம்' என்றால் அதுதான். இன்னொன்று யூடில்-லினக்ஸ் என்ற தொகுப்பில் வருவது. ஃபெடோரா, ரெட் ஹேட் பக்கம் அதுதான். பெர்ல்காரர், அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் 'மாற்றவில்லை' என்று சொல்லி நின்றுவிடுவார். யூடில்-லினக்ஸ்காரர் நாமாகத் தடுக்கச் சொன்னால் ஒழிய நிற்க மாட்டார். பாதுகாப்பு ஏதும் கிடையாது என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். நான் அந்த வரி வரைக்கும் படிக்கவில்லை.

இது ஒரு கட்டளையோடு நிற்கிற கதை இல்லை. 'கில்' என்ற கட்டளை, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்துவது. அது கோர்யூடில்ஸ் தொகுப்பிலும் இருக்கிறது, யூடில்-லினக்ஸிலும் இருக்கிறது, ப்ராக்பிஎஸ் தொகுப்பிலும் இருக்கிறது. போதாததற்கு, நாம் தட்டுகிற பாஷ் என்ற ஷெல்லுக்குள்ளேயே ஒன்று உண்டு. டெபியனில் ப்ராக்பிஎஸ் 'கில்', ஃபெடோராவில் யூடில்-லினக்ஸ் 'கில்'. கணினி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று சொல்லும் 'அப்டைம்' இரண்டு தொகுப்புகளில். கணினியின் பெயரைச் சொல்லும் 'ஹோஸ்ட்நேம்' எத்தனை இடத்தில் என்று எண்ணி எனக்கே அலுத்துவிட்டது. லினக்ஸை அடியிலிருந்து நாமே கட்டிக்கொள்ளச் சொல்லித்தரும் 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' என்ற நூலில், கோர்யூடில்ஸைக் கட்டும்போதே 'கில், அப்டைம் இரண்டையும் இங்கிருந்து நிறுவாதே' என்று ஒரு சொல் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். எழுதுகிறவர் எழுதினார், நிறுவுகிறவர் தூக்கிப் போட்டார். வருடக்கணக்காக இப்படியே ஓடியது.

என் வகுப்பில் இரண்டு செல்வி இருந்தால் வருகைப் பதிவேட்டில் க. செல்வி, மு. செல்வி என்று எழுதுவேன். இங்கே என்ன நடக்கிறது என்றால், ஒரு செல்வியை மட்டும் உள்ளே விட்டு இன்னொருத்தியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எந்தச் செல்வி என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். அதை வாத்தியாரிடம்கூடச் சொல்வதில்லை.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது கர்னல் மட்டும். மற்ற கட்டளைகளில் ஒரு பங்கு குனு திட்டத்திலிருந்து வந்தது, ஒரு பங்கு பிஎஸ்டி யூனிக்ஸிலிருந்து வந்தது, மீதியை ஆளுக்கொரு பக்கம் எழுதினார்கள். ஃப்ரீபிஎஸ்டியில் கர்னலும் கட்டளைகளும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைப்பவை, அதனால் அங்கே இந்தச் சிக்கல் வராது. லினக்ஸோ ஊர்ப் பொங்கல் மாதிரி. ஆளுக்கொரு பானை கொண்டுவந்தார்கள், நாலு வீட்டிலிருந்து உப்பு வந்துவிட்டது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படி ஆளுக்கொன்று கொண்டுவந்ததால்தான் எனக்கு இந்தக் கணினி காசில்லாமல் கிடைத்தது.

ஒன்றாக்கும் வேலையும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. குனுவின் கோப்புக் கருவிகள், உரைக் கருவிகள், ஷெல் கருவிகள் மூன்றும் தனித்தனித் தொகுப்புகளாக இருந்தன. அவற்றைச் சேர்த்துத்தான் 2003-இல் கோர்யூடில்ஸ் 5.0 வந்தது. யாருக்கும் எதுவும் உடையவில்லை. பெயர் அதே பெயர், வேலை அதே வேலை, வீடு மட்டும் மாறியது. இணைப்பு என்றால் அப்படி இருக்க வேண்டும்.

வேலையே மாறும் இணைப்பில்தான் வில்லங்கம். 'எஸ்யூ' கட்டளையைப் பாருங்கள். சாதாரணப் பயனராக இருப்பவர் கடவுச்சொல் கொடுத்து ரூட் ஆவதற்கு உள்ள கதவு அது. இந்தக் கதவுக்கு மூன்று தச்சர்கள்: கோர்யூடில்ஸ், ஷேடோ, யூடில்-லினக்ஸ். பாதுகாப்பில் ஒரு ஓட்டை என்றால் மூன்று இடத்தில் பார்க்க வேண்டும், மூன்று பேர் அடைக்க வேண்டும். மூன்றும் வெறும் நகல்கள்கூட இல்லை. யூனிக்ஸ் உலகில் 'வீல்' என்ற குழுவில் இருப்பவர் மட்டுமே 'எஸ்யூ' போடலாம் என்று கட்டுப்படுத்தும் பழக்கம் உண்டு. குனுவின் 'எஸ்யூ' அதை ஏற்கவில்லை. சிலர் மட்டும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களை அடக்குவதற்கு என் நிரல் துணை போகாது என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் கையேட்டிலேயே விளக்கம் எழுதி வைத்திருந்தார். ஒரே பெயருக்குள் இப்படிக் கொள்கையே வேறு.

2012-இல் கோர்யூடில்ஸ்காரர்கள் 'எஸ்யூ'வைக் கைவிட்டார்கள், அதே வருடம் யூடில்-லினக்ஸ் 2.22 அதை எடுத்துக்கொண்டது. நல்ல முடிவு. எனக்கு அதில் இரண்டாவது கருத்தே இல்லை. டெபியன் மட்டும் ஷேடோவின் 'எஸ்யூ'விலேயே இருந்தது. பிறகு அவர்களும் மாறினார்கள். 2019 ஜூலையில் வந்த டெபியன் 10-இல் யூடில்-லினக்ஸின் 'எஸ்யூ' எல்லோருக்கும் வந்து சேர்ந்தது.

என்ன வித்தியாசம்? ஒரு சின்னக் கோடு. டெபியனில் இருந்த பழையது, வெறும் 'எஸ்யூ' என்று தட்டினாலும் கட்டளைகளைத் தேடும் பாதையை ரூட்டுக்கு உரியதாக மாற்றிக் கொடுத்தது. புதியது, நம் பாதையை அப்படியே விட்டுவிடும். ரூட்டுக்கு உரிய பாதை வேண்டுமானால் 'எஸ்யூ' என்று தட்டி, இடம் விட்டு, ஒரு கோடு போட வேண்டும். அதனால் ரூட் ஆன பிறகும் புதுப் பயனரைச் சேர்க்கும் 'ஆட்யூசர்' என்று தட்டினால் 'அப்படி ஒரு கட்டளையே இல்லை' என்று பதில் வரும். கட்டளை இருக்கிறது, அது இருக்கிற அலமாரியின் திசையைத்தான் மறந்துவிட்டது. தட்டினவர் என்ன நினைப்பார்? கணினி கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்.

டெபியன் இதைச் சொல்லாமல் விடவில்லை. வெளியீட்டுக் குறிப்பில் எழுதினார்கள், தொகுப்போடு வரும் செய்திக் கோப்பிலும் எழுதினார்கள். பழைய மாதிரி வேண்டுமானால் எந்தக் கோப்பில் எந்த வரியைச் சேர்ப்பது என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் கையில் ஒரு வேலையோடு 'எஸ்யூ' தட்டுகிறவர் கண்ணில் பட்டது 'கட்டளை இல்லை' என்ற வரி மட்டும். பள்ளி நேரம் மாறியதைத் தலைமையாசிரியர் அறையின் உள்பக்கச் சுவரில் ஒட்டிவிட்டு, தாமதமாக வந்த பிள்ளையை வாசலில் நிறுத்துவது போல.

சரி, திரையிலேயே சொல்லிவிட்டால்? அதற்கும் ஒரு கதை உண்டு. 'விச்' என்று ஒரு கட்டளை, ஒரு நிரல் எங்கே இருக்கிறது என்று காட்டும். டெபியனில் அது டெபியன்யூடில்ஸ் என்ற சிறு தொகுப்பில் இருந்தது. இதே வேலையை ஷெல்லின் உள்ளேயே இருக்கும் 'கமாண்ட்' என்பதை வைத்துச் செய்யலாம், அதனால் 'விச்' தேவையில்லை என்று பராமரிப்பாளர் முடிவு செய்தார். 2021-இல் 'விச்' ஒவ்வொரு முறை ஓடும்போதும் 'நான் வழக்கொழிந்தவன், என்னைப் பயன்படுத்தாதே' என்று ஒரு வரி சொல்ல ஆரம்பித்தது. மனிதர் தட்டினால் படித்துக்கொள்வார். ஆனால் 'விச்'சை அதிகம் கூப்பிடுவது மனிதர்கள் இல்லை, நிரல்கள். எதிர்பாராத இடத்தில் எதிர்பாராத ஒரு வரி வந்து நின்றதில் சில வேலைகள் உடைந்தன, பெரிய சச்சரவானது. கடைசியில் டெபியனின் தொழில்நுட்பக் குழு தலையிட்டு, மாற்று வரும்வரை 'விச்' இருக்கட்டும், அந்த எச்சரிக்கையை எடு என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடம் குனு கிரெப் 3.8 வந்தபோது 'ஈகிரெப்', 'எஃப்கிரெப்' இரண்டும் இதே மாதிரி புலம்ப ஆரம்பித்தன. அங்கேயும் இதே சத்தம்.

ஒரு பக்கம் சொல்லாமல் சொல்வது, இன்னொரு பக்கம் எல்லோர் காதிலும் கத்துவது. நடுவில் ஒரு வழி இருக்கிறது, புதிதாகக் கண்டுபிடிக்கவும் வேண்டாம். 'எல்எஸ்' தட்டிப் பாருங்கள். திரையில் கோப்புப் பெயர்கள் பத்தி பத்தியாக வரும். அதையே இன்னொரு நிரலுக்கு அனுப்பினால் வரிக்கு ஒரு பெயராகப் போகும். எதிரில் இருப்பது திரையா, நிரலா என்று பார்க்க அதற்குத் தெரியும். அந்த அறிவை எச்சரிக்கைக்கும் பயன்படுத்தலாமே. திரையின் முன்னால் ஆள் உட்கார்ந்து தட்டினால் மட்டும், 'இந்தக் கட்டளை மாறியிருக்கிறது, பழைய வேலைக்கு இப்படித் தட்டு' என்று ஒரு வரி. ஒரு பதிப்புக்காவது அது இருக்கட்டும். நிரலுக்கு மௌனம். எனக்குக் குறியீடு எழுதத் தெரியாது, அதனால் இது சுலபமா கடினமா என்று அளக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் 'எல்எஸ்' அதைத் தினமும் செய்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது 'ஐஎஃப்கான்ஃபிக்' கதை. நெட்-டூல்ஸ் தொகுப்பில் இருந்த பழைய கட்டளை அது. ஓர் இணைப்புக்கு ஒன்றுக்கு மேல் முகவரி கொடுத்தால் சிலவற்றை அது காட்டாது. புதியதை எழுதியவர்கள் அதே பெயரில் எழுதவில்லை, 'ஐபி' என்று வேறு பெயர் வைத்தார்கள். ஐபிரூட்2 என்ற தொகுப்பு. 2017-இல் வந்த டெபியன் 9 முதல் நெட்-டூல்ஸ் தானாக நிறுவப்படுவதில்லை. 'ஐஎஃப்கான்ஃபிக்' என்று தட்டினால் 'இல்லை' என்று பதில் வருகிறது. எரிச்சல்தான். என் நோட்டில் இரண்டு பக்கம் வீணாயிற்று. ஆனால் அந்த 'இல்லை' நேர்மையான 'இல்லை'. பழைய பெயரைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ வந்து என் படங்களை அழிக்கவில்லை.

"பன்மைதானே டீச்சர் லினக்ஸின் அழகு, எல்லாவற்றையும் ஒன்றாக்கச் சொல்கிறீர்களே" என்று அந்தப் பழைய மாணவன் என்னிடம் சண்டைக்கு வந்தான். டெபியன் போட்டுக் கொடுத்தவனேதான். நான் கேட்டேன்: உன் கணினியில் எந்த 'கில்' இருக்கிறது என்று நீ தேர்ந்தெடுத்தாயா? முழித்தான். தேர்ந்தெடுக்க முடிந்தால்தான் அது சுதந்திரம். எழுதுவதற்குப் பத்துத் திருத்தி இருக்கட்டும், பத்துக்கும் பத்துப் பெயர் இருக்கிறது, நான் பிடித்ததை எடுக்கிறேன். ஒரே பெயரில் நாலு இருந்து, நாலில் ஒன்றை யாரோ எனக்காக எடுத்து வைத்திருந்தால் அது பன்மை இல்லை. பராமரிப்பாளர்களில் நிறையப் பேர் சம்பளம் இல்லாமல் செய்கிறவர்கள். ஒரே 'அப்டைம்'-ஐ இரண்டு வீட்டில் தூசி தட்டிக்கொண்டிருப்பதற்கு அவர்கள் நேரம் அவ்வளவு மலிவா?

அவன் விடவில்லை. "அப்போ பிஸிபாக்ஸ் மாதிரி எல்லாத்தையும் ஒரே கோப்பில போட்டுடலாமா?" என்றான். பிஸிபாக்ஸ் என்பது நூற்றுக்கணக்கான கட்டளைகளை ஒரே நிரலுக்குள் அடைத்தது. 1995-இல் புரூஸ் பெரன்ஸ் டெபியனின் நிறுவல் ஃபிளாப்பியில் இடம் போதவில்லை என்று தொடங்கியது, இன்று ரவுட்டர் மாதிரி சின்னச் சாதனங்களில் நிறைய இருக்கிறது. அது தேவைக்காகச் செய்தது. பெட்டியின் அளவுக்குத் துணியை வெட்டியிருப்பதால் பல கட்டளைகளில் பாதி வசதிகள் இருக்காது. என் மேசையில் அது வேண்டாம் என்றேன். அதை அவனும் ஒப்புக்கொண்டான்.

பிறகு அவனே ஒரு விஷயம் சொன்னான், அதுதான் என்னை இதை எழுத வைத்தது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-இல் குனு கோர்யூடில்ஸுக்குப் பதிலாக ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதிய கட்டளைகளை வைத்திருக்கிறார்கள். பெயர்கள் எல்லாம் பழைய பெயர்களே. அதில் 'டேட்' கட்டளைக்கு ஒரு கோப்பைக் காட்டி, இது எப்போது மாற்றப்பட்டது என்று கேட்கும் வசதி ஒன்று உண்டு. புதிய 'டேட்' அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டது, ஆனால் கோப்பின் நேரத்தைச் சொல்லாமல் இப்போதைய நேரத்தைச் சொன்னது. தெரியாது என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை. தெரிந்தது போலத் தலையாட்டிவிட்டது. அதை நம்பியிருந்த தானியங்கிப் புதுப்பிப்புச் சோதனை நின்றுபோனது. சீக்கிரமே கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். வகுப்பில் எனக்கு எப்போதும் பயம் தந்தவர்கள் 'தெரியாது டீச்சர்' என்று எழுந்து நிற்கிற பிள்ளைகள் இல்லை, புரியாமலே 'புரிஞ்சுது டீச்சர்' என்று சொல்கிறவர்கள்தான்.

ஆகவே 'கில்', 'அப்டைம்' மாதிரி வேலை ஒன்றாக இருப்பவற்றை இன்றைக்கே ஓரிடத்தில் வையுங்கள், யாரும் கேட்க மாட்டோம். 'ரீநேம்' மாதிரி வேலை வேறாக இருப்பவற்றில் ஒருவர் பெயரை விட்டுக்கொடுங்கள். டெபியனில் யூடில்-லினக்ஸின் 'ரீநேம்'-க்குப் பின்னால் 'யூஎல்' என்று வால் வைத்தார்கள், என் இரண்டு செல்விக்கு இனிஷியல் போட்டது மாதிரி. மற்ற ஊர்களிலும் அப்படி ஒரு வால் இருந்திருந்தால் அந்த அம்மாவின் படம் இன்று இருந்திருக்கும். பெயரை வைத்துக்கொண்டு வேலையை மாற்றித்தான் ஆகவேண்டும் என்கிற இடத்தில், தட்டுகிறவரின் திரையில் சொல்லுங்கள்.

மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். ஆறு பழைய மடிக்கணினி, அவற்றில் மூன்று வகை லினக்ஸ். யாருக்கும் ஆங்கிலம் சரளமாக வராது. நோட்டில் இருப்பதைப் பார்த்துத் தட்டி, வருகிறதா இல்லையா என்று பார்த்துத்தான் கற்கிறார்கள். வரவில்லை என்றால் 'நான்தான் தப்பாத் தட்டிட்டேன்' என்று நினைக்கிற வயது. போன வாரம் ஒரு பெண் நாலு தடவை தட்டிவிட்டு, எதுவும் சொல்லாமல் மூடி வைத்துவிட்டாள். எழுத்துக்கு எழுத்து அவள் தட்டினது சரி. அவளுடைய கணினியில் இருந்தது வேறு 'ரீநேம்'.

அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. மேலே சிவப்பு மையில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன், உங்களுக்கும் பயன்படலாம். முதலில் 'ரீநேம்' என்று தட்டி, இடம் விட்டு, இரண்டு கோடு போட்டு 'வெர்ஷன்' என்று சேருங்கள், எந்த வீட்டுக்காரர் என்று அதுவே சொல்லும். அடுத்து, இப்போதைய பதிப்புகளில் இரண்டிலும் ஒத்துப்போகிற இரண்டு எழுத்துகள் உண்டு: கோடு என், கோடு வி. இரண்டையும் சேர்த்துத் தட்டினால் எதையும் மாற்றாமல், எது எதுவாக மாறும் என்று பட்டியல் மட்டும் காட்டும். பட்டியலில் ஒரே புதுப் பெயர் இரண்டு தடவை வந்தால் கையை எடுத்துவிடுங்கள். அதற்கும் முன்னால், படங்களை இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.